யோபுவின் கேள்விக்கு விவிலியம் தந்த பதில்கள்

செத்தவனுக்கு மறுபடி வாழ்வு உண்டா என்று யோபு நூலின் 14ஆம் அதிகாரம் கேட்கிறது. வெட்டுண்ட மரம்கூட நீரின் ஈரம் பட்டால் துளிர்க்கும், மனிதனுக்கு அந்த வாய்ப்பும் இல்லை என்ற புலம்பலுக்கு நடுவே வரும் கேள்வி அது. யோபு சாதகமான பதிலை எதிர்பார்த்துக் கேட்டதாகத் தெரியவில்லை. விவிலியத்தின் கடைசி நூலிலோ மரணமே நெருப்புக் கடலில் தள்ளப்பட்டு ஒழிகிறது. ஒரே அட்டைக்குள் தைக்கப்பட்டிருக்கும் இந்த இரண்டு நூல்களுக்கும் இடையில் என்ன நடந்தது? யூத, கிறிஸ்தவ அறிஞர்களுக்கு இது நெடுங்காலமாகத் தீராத வினா.

மரபான விடை ஒன்று உண்டு. மறுமை பற்றிய உண்மை தொடக்கத்திலேயே மறைவாக இருந்தது, காலப்போக்கில் வெளிச்சத்துக்கு வந்தது என்பது அது. 19ஆம் நூற்றாண்டில் வரலாற்று முறையில் வாசிக்கத் தொடங்கியவர்கள் நேர் எதிரான விடையைத் தந்தார்கள்: பழைய இஸ்ரவேலுக்கு மறுமை நம்பிக்கையே கிடையாது, பாபிலோனியச் சிறையிருப்புக்குப் பிறகு அது வெளியிலிருந்து வந்து சேர்ந்தது. கடந்த அறுபது, எழுபது ஆண்டுகளின் ஆய்வு இரண்டு விடைகளையுமே ஆட்டங்காண வைத்திருக்கிறது. இறந்தபின் என்ன ஆவோம் என்ற ஆவலைவிட, தம்மை நம்பியவரைக் கடவுள் கைவிடுவாரா என்ற கவலையே விவிலிய எழுத்தாளர்களை இந்தப் பொருளில் பேசவைத்தது என்று இக்கட்டுரை கருதுகிறது. அந்தக் கவலைக்கு அவர்கள் எல்லாரும் ஒரே பதிலைத் தரவில்லை.

பாதாளம் யாருக்கு?

எபிரேய விவிலியத்தில் இறந்தவர்கள் போகுமிடம் ஷியோல். தமிழ் வாசகர் அதைப் பாதாளம் என்று அறிவார். ஏறத்தாழ 65 இடங்களில் வரும் இந்தப் பாதாளத்தில் எரிகிற தீயும் இல்லை, இன்பமும் இல்லை. இருட்டு, தூசி, மௌனம், அவ்வளவுதான். யோசேப்பு இறந்துவிட்டான் என்று நம்பிய யாக்கோபு, துக்கத்தோடே மகனிருக்கும் இடத்துக்கு இறங்கிப்போவதாகச் சொல்கிறார். ஏசாயா 14இல் பாபிலோன் அரசன் பாதாளம் வந்து சேரும்போது, அவனுக்கு முன்பே வந்துவிட்ட அரசர்களின் நிழல்கள் அரியணைகளை விட்டு எழுந்து அவனை எள்ளி நகையாடுகின்றன. பிரசங்கியோ மனிதனின் சாவுக்கும் விலங்கின் சாவுக்கும் வேறுபாடு காணவில்லை. மனித மூச்சு மேலே போகிறதா என்பதை யாரால் அறிய முடியும் என்ற ஐயத்தோடு நிறுத்திக்கொள்கிறார்.

இந்த இடத்தின் கொடுமை வலியில் இல்லை. அங்கே கடவுளைப் புகழ முடியாது என்பதில் இருக்கிறது. 6, 88, 115 ஆகிய சங்கீதங்களும், நோயிலிருந்து பிழைத்து 15 ஆண்டு கூடுதல் ஆயுள் பெற்ற எசேக்கியா அரசனின் மன்றாட்டும் (ஏசாயா 38) இதையே வெவ்வேறு வகையில் முறையிடுகின்றன. இறந்தவர் துதிப்பதில்லை, ஆகவே என்னைச் சாகவிடாதே என்று கடவுளிடம் வழக்காடும் துணிவு இந்தப் பாடல்களில் உண்டு. 88ஆம் சங்கீதம் எந்த ஆறுதலும் இல்லாமல் இருளிலேயே முடிகிறது. பிற்கால உயிர்த்தெழுதல் நம்பிக்கையை இந்த வரிகளுக்குள் புகுத்தி வாசிக்கும் பழக்கம் பழமையானது. ஆனால் அப்படி வாசித்தால் அவற்றின் வழக்காடலே பொருளற்றுப் போய்விடும்.

பாதாளம் எல்லாருக்கும் பொதுவா என்பதில் கருத்து வேறுபாடு இருக்கிறது. ஆபிரகாம், மோசே, கடைசியில் யோபு ஆகியோர் நிறைவாழ்வு வாழ்ந்து இறக்கும் கட்டங்களில் பாதாளம் பேசப்படவே இல்லை. அகால மரணம், வன்கொலை, தெய்வத் தண்டனை ஆகிய சூழல்களில்தான் அப்பெயர் மிகுதியாக வருகிறது. 2002இல் பிலிப் ஜான்ஸ்டன் எழுதிய நூல் இதை விரிவாகக் காட்டியது. ஆகவே நல்ல சாவு, கெட்ட சாவு என்ற பிரிவே அக்காலத்தில் முதன்மையானது என்ற கருத்துக்கு வலு கூடியது. ஆனாலும் பாதாளத்தின் கைக்குத் தப்புகிறவர் எவருமில்லை என்று 89ஆம் சங்கீதம் கேள்வி வடிவில் சொல்வதையும், எல்லாரும் அங்கேயே போகிறோம் என்று பிரசங்கி எழுதுவதையும் இந்தக் கருத்து எளிதில் விழுங்கிவிட முடியாது.

கல்லறைகள் காட்டும் வேறு பக்கம்

நூல் எழுதியவர்கள் இப்படிச் சொன்னார்கள். புதைத்தவர்கள் என்ன நினைத்தார்கள்? யூதாவின் இரும்புக்காலக் கல்லறைகளில் பல, பாறையைக் குடைந்து செய்த குடும்பக் கல்லறைகள். சுவரோரத் திண்ணையில் உடலைக் கிடத்துவார்கள். சதை அழிந்தபின் எலும்புகளை எடுத்து, முன்னோரின் எலும்புகள் கிடக்கும் குழியில் சேர்ப்பார்கள். ஆபிரகாம் தம் மக்களோடு சேர்க்கப்பட்டதாக ஆதியாகமம் கூறுவது இந்த வழக்கத்தைத்தான் குறிக்கிறது என்று பலர் விளக்குவர். எனினும் அந்தக் கூற்று அடக்கம் நடப்பதற்கு முன்பே வருகிறது. மேலும், ஆபிரகாம் அடக்கமான மக்பேலாக் குகையில் இருந்தவர் அவர் மனைவி சாராள் மட்டுமே, முன்னோர் யாரும் அங்கில்லை. எனவே எலும்புக் குழிக்கு அப்பாலும் ஏதோ ஓர் உறவுத் தொடர்ச்சி கருதப்பட்டது என்றே எண்ணத் தோன்றுகிறது.

1979இல் கபிரியேல் பர்காய் எருசலேமின் கெத்தேப் இன்னோம் சரிவில் அகழ்ந்தபோது, இத்தகைய எலும்புக் குழி ஒன்றிலிருந்து இரண்டு சிறு வெள்ளிச் சுருள்கள் கிடைத்தன. எண்ணாகமம் 6இல் உள்ள குருக்களின் ஆசிமொழியை ஒட்டிய வாசகங்கள் அவற்றில் பொறிக்கப்பட்டிருந்தன. கடவுள் பாதுகாப்பாராக என்ற ஆசி இறந்தவர்களோடு கல்லறைக்குள் போயிருக்கிறது. உயிரோடிருந்தபோது அணிந்த தாயத்து உடலோடு சேர்ந்து போனதா, இறந்தவருக்கென்றே வைத்ததா என்பதை அந்தச் சுருள்களே சொல்லவில்லை.

கிண்ணங்கள், விளக்குகள், சிறு உருவங்கள் ஆகியவை இக்கல்லறைகளில் ஏராளம். இறந்தவருக்கு உணவும் கவனிப்பும் தேவை என்று யூதா மக்கள் நம்பினார்கள், அவர்களிடம் உதவியும் எதிர்பார்த்தார்கள் என்று 1992இல் எலிசபெத் பிளாக்-ஸ்மித் வாதிட்டார். இரண்டு ஆண்டுகளுக்குப் பின் பிரையன் ஷ்மிட் இதை மறுத்தார்: இறந்தவரைப் பேணுவது வேறு, அவர் நமக்கு அருள்செய்வார் என்று வழிபடுவது வேறு, பின்னதற்குச் சான்று போதாது. இந்த வேறுபாடு இன்றும் பயனுள்ளது. 2008இல் துருக்கியின் சின்சிர்லியில் கிடைத்த கத்துமுவா நடுகல், கி.மு. 8ஆம் நூற்றாண்டில் அண்டை நாட்டு அதிகாரி ஒருவர் தம் ஆன்மா அந்தக் கல்லிலேயே தங்கும் என்று நம்பி, அதற்கு ஆண்டுதோறும் படையல் கேட்டதைக் காட்டுகிறது. இஸ்ரவேலில் அப்படியொரு கல் இதுவரை கிடைக்கவில்லை.

விவிலியத்தின் தடைகளே மறைமுகச் சாட்சிகள். இறந்தோரிடம் குறிகேட்பதை உபாகமம் 18 தடுக்கிறது. அதே நூலின் 26ஆம் அதிகாரத்திலோ, தசமபாகத்திலிருந்து இறந்தவருக்கு எதையும் கொடுக்கவில்லை என்று விவசாயி உறுதிசொல்ல வேண்டும். மற்ற உணவிலிருந்து கொடுப்பதைப் பற்றி அங்கே பேச்சில்லை. குறிசொல்வோரை நாட்டைவிட்டு விரட்டிய சவுல் அரசன், போருக்கு முந்தின இரவில் மாறுவேடமிட்டு எந்தோரில் ஒரு பெண்ணிடம் போகிறான். இறந்த சாமுவேல் எழும்பி வந்து அவன் முடிவை அறிவிக்கிறார். கதை சவுலைக் கண்டிக்கிறது. ஆனால் சாமுவேல் வந்ததைப் பொய் என்று சொல்லவில்லை. இறந்தவர் எங்கோ இருக்கிறார், அறிகிறார் என்பதில் மக்களுக்கு ஐயமில்லை போலும். அவர்களை அணுகக் கூடாது என்பதே நூலாசிரியர்களின் கவலை. அந்த வகையில் பழைய ஏற்பாட்டின் மௌனம் அறியாமையால் வந்ததாகத் தோன்றவில்லை. இறந்தோர் உலகத்தின்மேல் வேறு யாருக்கும் அதிகாரம் தரமாட்டோம் என்ற உறுதியால் வந்ததாக இருக்கலாம்.

உயிர்த்தெழுதல் நம்பிக்கையின் ஊற்று

இறந்தோர் எழுவர் என்று ஐயத்துக்கிடமின்றிச் சொல்லும் எபிரேய விவிலியப் பகுதி தானியேல் 12 ஒன்றே. பெரும்பாலான அறிஞர்கள் அதைக் கி.மு. 165ஐ ஒட்டி வைப்பார்கள். அங்கும் எழுபவர் எல்லாரும் அல்ல, அநேகர் மட்டுமே. அதற்கு முற்பட்ட எசேக்கியேல் 37இன் உலர்ந்த எலும்புகள், நாடிழந்த மக்களின் மீட்சிக்கான காட்சி என்பதை அப்பகுதியே விளக்குகிறது. ஏசாயா 26இல் வரும் இறந்தோர் எழுச்சி உருவகமா, நேர்ப்பொருளா என்பதில் இணக்கமில்லை. இந்நம்பிக்கை எங்கிருந்து வந்தது என்பதற்குச் சொல்லப்படும் விடைகளில் மூன்று கவனிக்கத்தக்கவை.

முதலாவது, பாரசீகத் தாக்கம். கி.மு. 539இல் பாபிலோனைச் சைரஸ் வென்றபின் யூதர் இரு நூற்றாண்டுகள் பாரசீக ஆட்சியில் வாழ்ந்தார்கள். ஜரதுஷ்டிர மதத்தில் இறந்தோர் எழுதலும் உலகப் புதுப்பிப்பும் உண்டு. இந்தக் கொள்கையை விரிவாகச் சொல்லும் பந்தஹிஷ்ன் போன்ற பகலவி நூல்கள் கி.பி. 9ஆம் நூற்றாண்டு அளவில் இறுதி வடிவம் பெற்றவை என்பது இக்கருத்தின் பெரிய பலவீனம். ஆயினும் கி.மு. 4ஆம் நூற்றாண்டுக் கிரேக்கரான தியோபோம்பஸ் பாரசீகப் பூசாரிகளான மாகியரின் மறுவாழ்வு நம்பிக்கையைக் குறிப்பிட்டதாகப் பிற்காலச் சான்று இருப்பதால், இதை ஒரேயடியாகத் தள்ளவும் முடியாது. மாகியர் உடலைப் பறவைக்கும் நாய்க்கும் விட்டவர்கள் என்கிறார் ஹெரோடோட்டஸ். தானியேலின் காட்சியோ மண்ணுக்குள் உறங்குவோரைப் பற்றியது. படிமங்கள் உள்ளூரைச் சேர்ந்தவை. தூண்டுதல் வெளியிலிருந்து வந்திருக்கக்கூடும்.

இரண்டாவது, இரத்தசாட்சிகளின் நெருக்கடி. கி.மு. 167இல் நான்காம் அந்தியோக்கஸ் எருசலேம் ஆலயத்தைத் தீட்டுப்படுத்தி யூத நெறியைத் தடைசெய்தபோது, சட்டத்தைக் கைக்கொண்டவர்கள் அதற்காகவே கொல்லப்பட்டார்கள். நல்லவனுக்கு நீண்ட ஆயுள் என்ற பழைய எதிர்பார்ப்பு உடைந்தது. 2 மக்கபேயர் 7இல் ஒரு தாயும் ஏழு மகன்களும் சித்திரவதைப்பட்டுச் சாகிறார்கள். அவர்களில் ஒருவன் தன் கைகளை நீட்டி, இவற்றைத் தந்த கடவுளிடமே திரும்பப் பெறுவேன் என்கிறான். (கத்தோலிக்கர் பயன்படுத்தும் திருவிவிலியத்தில் இந்நூல் உண்டு, சீர்திருத்தச் சபையாரின் தமிழ் விவிலியத்தில் இல்லை. இரு சபையாரும் இறந்தோரைப் பற்றி வேறு வேறாகப் பேசுவதற்கு இதுவும் ஒரு காரணம்.) கிறிஸ்டர் ஸ்டெண்டால் போன்றோர் இதிலிருந்தே, உயிர்த்தெழுதல் என்பது நீதியைப் பற்றிய கேள்விக்கான பதில் என்று வாதிட்டார்கள். ஜார்ஜ் நிக்கல்ஸ்பர்க் 1972இல் இந்தக் காலத்து நூல்களை ஒவ்வொன்றாக ஆராய்ந்து, துன்புற்ற நீதிமானை நிலைநாட்டுதல் என்ற இழை அவற்றில் ஓடுவதைக் காட்டினார்.

இந்த விளக்கம் மனத்தைத் தொடுவது. ஆனால் காலக்கணக்கு இடிக்கிறது. கும்ரானில் கிடைத்த அரமேயத் துணுக்குகளை 1976இல் மிலிக் வெளியிட்ட பிறகு, ஏனோக்கு நூலின் மிகப் பழைய பகுதி கி.மு. 3ஆம் நூற்றாண்டைச் சேர்ந்தது என்ற கருத்து வலுப்பெற்றது. அப்பகுதியின் 22ஆம் அதிகாரத்தில் இறந்தோரின் ஆவிகள் தீர்ப்புநாள்வரை தனித்தனிக் குழிகளில் பிரித்து வைக்கப்படுகின்றன. நீதிமான்களுக்கு நீரூற்றும் ஒளியும் உண்டு. அந்தியோக்கஸின் துன்புறுத்தலுக்கு முன்பே இந்தச் சிந்தனை இருந்திருக்கிறது. துன்புறுத்தல் அந்நம்பிக்கையை உருவாக்கவில்லை, மக்கள்மயமாக்கியது என்று சொல்வதே பொருத்தம்.

மூன்றாவது, உள்வளர்ச்சி. யூத அறிஞர் ஜான் லெவன்சன் 2006இல் எழுதிய நூலில், மரணத்தின் எதிர்ப்பதம் தனிமனிதனின் மறுவாழ்வு என்று நினைப்பதே நம் காலத்துப் பிழை என்றார். பிள்ளையின்மையும் நாடிழப்பும் இஸ்ரவேலுக்கு மரணம். சாராளின் மலட்டுத்தன்மை நீங்குவதும், சூனேமியப் பெண்ணின் மகனை எலிசா எழுப்புவதும், சிறைப்பட்டோர் திரும்புவதும் ஒரே மீட்பின் முகங்கள். அந்தக் கடவுள் கடைசியில் கல்லறையையும் வெல்வார் என்று தானியேல் சொன்னது புதிய சரக்கல்ல, பழைய நம்பிக்கையின் முதிர்ச்சி. ஏசாயா 26இன் பிரசவ வேதனைப் படிமம் இறந்தோர் எழுச்சியில் போய்முடிவதை இதைவிட நன்றாக விளக்கும் வாசிப்பு வேறு இல்லை. ஆனால் குடும்பத்தின், குலத்தின் தொடர்ச்சியில் ஆறுதல் காணாத குரல்கள் உண்டே. தன் பிள்ளைகள் சிறப்படைந்தாலும் இறந்தவனுக்கு அது தெரியாது என்று யோபு 14 சொல்கிறது. கி.மு. 2ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் எழுதிய சீராக்கோ, நற்பெயரும் நல்ல பிள்ளைகளும் போதும் என்று மறுமையில்லாமலே நிறைவடைகிறார். வளர்ச்சி ஒரே கோட்டில் போகவில்லை.

இம்மூன்றுக்கும் வெளியே, சிரியக் கடற்கரைப் பழநகரான உகாரித்தின் இலக்கிய ஒளியில் சங்கீதங்களில் பல இடங்களில் அழியா வாழ்வைக் கண்ட மிட்செல் டஹூடின் 1960களின் முயற்சி இன்று பெரும்பாலும் கைவிடப்பட்டுவிட்டது.

அழியா ஆன்மாவா, எழும் உடலா?

1955இல் ஹார்வர்டில் ஆஸ்கார் குல்மான் ஆற்றிய சொற்பொழிவு இந்தத் துறையின் போக்கையே மாற்றியது. சாக்ரடீஸ் நஞ்சை அமைதியாகக் குடித்தார். இயேசு கெத்சமனேயில் நடுங்கினார். கிரேக்கனுக்குச் சாவு ஆன்மாவின் விடுதலை. விவிலியத்துக்குச் சாவு பகைவன், அதை வெல்ல உடலின் உயிர்த்தெழுதலே வழி என்றார் அவர். கிறிஸ்தவர்கள் ஆன்மா அழியாது என்று நம்புவது பவுலைவிடப் பிளேட்டோவுக்குக் கடன்பட்டது என்ற முடிவு பலரைக் கொதிப்படைய வைத்தது.

இந்த எதிர்நிலை அவ்வளவு கூர்மையானதல்ல என்பது பின்னர் தெளிவாயிற்று. நீதிமான்களின் ஆன்மாக்கள் கடவுளின் கையில் பத்திரமாக இருப்பதாகச் சாலமோனின் ஞானம் 3 சொல்கிறது; யூபிலி நூலின் 23ஆம் அதிகாரத்தில் எலும்புகள் மண்ணில் ஓய்கின்றன, ஆவிகள் மகிழ்கின்றன. இவை யூத நூல்கள். 1992இல் ஜேம்ஸ் பார், ஏதேன் கதையே அழியா வாழ்வு கைக்கெட்டி நழுவிய கதை என்று வாசித்து, எபிரேயம் ஒருபக்கம், கிரேக்கம் மறுபக்கம் என்ற பிரிவினையைத் தாக்கினார். பாரின் வரலாற்று வாதம் வலுவானது. ஆயினும் சாவு பகைவன் என்ற குல்மானின் மையக்கருத்து 1 கொரிந்தியர் 15ஐப் பொறுத்தவரை இன்னும் அசைக்கப்படவில்லை; அங்கே ஒழிக்கப்படும் கடைசிப் பகை சாவுதான். லாசருவின் கல்லறைமுன் அழுத இயேசுவின் காட்சியும் சாவை நண்பனாக வரவேற்கவில்லை.

பவுலும் இடைப்பட்ட காலமும்

இயேசுவின் காலத்தில் சதுசேயர் உயிர்த்தெழுதலை மறுத்தார்கள், பரிசேயர் ஏற்றார்கள். மாற்கு 12இல் ஏழு சகோதரரை மணந்த பெண்ணைப் பற்றிய புதிரோடு வந்த சதுசேயருக்கு, இயேசு தானியேலைக் காட்டவில்லை. எரியும் முட்செடியில் ஆபிரகாமின் கடவுள் என்று தம்மை அறிமுகப்படுத்தியவர் இறந்தோரின் கடவுளாக இருக்க முடியாது என்றார். நம்பிக்கைக்கு அடிப்படை மனித இயல்பு பற்றிய கோட்பாடு அல்ல, கடவுளின் உறவு என்பதற்கு இதைவிடத் தெளிவான இடம் கிடையாது.

பவுலிடம் சிக்கல் வேறு. கி.பி. 50ஐ ஒட்டி அவர் தெசலோனிக்கேயருக்கு எழுதியபோது, ஆண்டவர் வருமுன் இறந்துபோன உறவினர் என்ன ஆவார்கள் என்பதே அந்தச் சபையின் துயரம். அவர்கள் உறங்குகிறார்கள், முதலில் எழுவார்கள் என்றார். பிலிப்பியருக்கு எழுதும்போதோ, இறந்தவுடன் கிறிஸ்துவோடு இருக்கலாம் என்ற ஏக்கம் தெரிகிறது. 2 கொரிந்தியர் 5இல் உடலற்ற நிர்வாணம் குறித்த அச்சமும் அந்த ஏக்கமும் ஒருசேர நிற்கின்றன. பவுல் கருத்தை மாற்றிக்கொண்டார் என்பது ஒரு விளக்கம். சாவுக்கு உடனடிப் பின் ஒரு நிலை, இறுதியில் புத்துடல் என்று இரு கட்டங்களை அவர் கொண்டிருந்தார் என்பது என்.டி. ரைட் 2003இல் விரித்த விளக்கம். பின்னது நூல்களுக்கு அதிகம் பொருந்துகிறது, எனினும் பவுல் அந்த இடைநிலையை எங்கும் வருணிக்கவில்லை.

அவர் விட்ட இடைவெளியைத் திருச்சபைகள் தத்தம் வழியில் நிரப்பின. புனிதர்கள்கூட இறுதித் தீர்ப்புக்குமுன் கடவுளை முழுமையாகக் காண்பதில்லை என்று 1331இல் திருத்தந்தை 22ஆம் ஜான் பிரசங்கித்தது பெரும் சர்ச்சையானது; 1336இல் 12ஆம் பெனடிக்ட் அதற்கு எதிராகத் தீர்ப்பளித்தார். லூதர் ஆன்ம உறக்கத்தின் பக்கம் சாய்ந்தார், கால்வின் 1534இல் அதை மறுத்து எழுதினார். 2 மக்கபேயர் 12இல் இறந்த வீரர்களுக்காகப் படைத்தலைவர் யூதா மக்கபே பாவப்பலி செலுத்தியது உத்தரிக்கிற ஸ்தலம் பற்றிய போதனைக்குச் சான்றாயிற்று. நவம்பர் 2இல் தமிழ்க் கத்தோலிக்கர் கல்லறைத் திருநாளன்று மந்திரிக்கும் கல்லறைகளுக்குப் பின்னே இந்த நீண்ட விவாதம் இருக்கிறது.

அழிவா, தண்டனையா, மீட்பா?

கெட்டவரின் கதி பற்றி மூன்று நிலைகள். முடிவற்ற தண்டனை என்பது அகுஸ்தீனுக்குப் பின் மேற்கில் பெருவழக்கு; மத்தேயு 25 அதற்கு ஆதாரம். முற்றழிவு என்பது 1982இல் எட்வர்ட் ஃபட்ஜ் விரிவாக வாதிட்ட நிலை. ஆன்மாவையும் உடலையும் அழிக்க வல்லவரைப் பற்றிப் பேசும் மத்தேயு 10 அதற்குத் துணை. எல்லாரும் இறுதியில் மீட்கப்படுவர் என்பது ஒரிகெனும் நீசாவின் கிரகோரியும் எதிர்நோக்கியது. 1 கொரிந்தியர் 15இலும் ரோமர் 5இலும் அதற்கான வரிகள் உண்டு. மத்தேயுவின் ஒரே நூலிலிருந்து இரண்டு தரப்பும் சான்று எடுப்பதே, அந்த நூல் இந்தக் கேள்வியைத் தீர்க்க எழுதப்படவில்லை என்பதற்கு அறிகுறி.

தீராதவை

யூதாவின் சாமானியக் குடும்பம் எலும்புக் குழியை மூடியபின் என்ன நம்பியது என்பது திறந்தே இருக்கிறது. கல்வெட்டு ஏதேனும் கிடைத்தால் நிலைமை மாறலாம். பாரசீகத் தொடர்பின் அளவும் அப்படியே. பவுலின் இடைநிலை பற்றிய விவாதமோ புதிய சான்றால் தீரக்கூடியதல்ல, இருக்கும் வரிகளை எப்படி எடையிடுகிறோம் என்பதைப் பொறுத்தது.

ஒன்றை மட்டும் உறுதியாகச் சொல்லலாம். விவிலியத்தைத் தொகுத்தவர்கள் தானியேலைச் சேர்த்தபோது பிரசங்கியை நீக்கவில்லை, சங்கீதங்களிலிருந்து 88ஐ எடுத்துவிடவில்லை. உயிர்த்தெழுதலை நம்பிய தலைமுறைகளும் அந்த இருண்ட பாடலைப் பாதுகாத்து ஓதிவந்தன. அடக்க ஆராதனைகளில் யோவான் 11ஐயும் 1 கொரிந்தியர் 15ஐயும் வாசிக்கும் சபைகள், இறந்தவர் வீட்டாரின் துயரத்துக்கும் குரல் கொடுக்கும் அந்தச் சங்கீதத்தையும் அவற்றோடு வாசிக்கலாம்.